எர்லி டிசிஷன் முடிவுக்கு இன்னும் மூணு வாரம்: போர்ட்டல், அரையாண்டு, பண விஷயம் – சில சந்தேகங்கள்

சத்துவாச்சாரி_ப்ளஸ்டூ (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். வேலூர், ஸ்டேட் போர்டு, ப்ளஸ் டூ, உயிரியல்–கணக்கு குரூப். அமெரிக்காவுல ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு நவம்பர் 1 கெடுவுக்குள்ள எர்லி டிசிஷன்ல (கிடைச்சா அங்கதான் சேரணும்ங்கிற முன்கூட்டிய விண்ணப்பம்) விண்ணப்பிச்சிருக்கேன். நிதி உதவியும் கேட்டிருக்கேன். என் கூட படிக்கிற பொண்ணு யேல் பல்கலைக்கழகத்துல சிங்கிள் சாய்ஸ் எர்லி ஆக்‌ஷன், அதாவது சேர்ந்தே ஆகணும்ங்கிற கட்டு இல்லாத முன்கூட்டிய விண்ணப்பம். ரெண்டு பேருக்கும் டிசம்பர் நடுவுல முடிவு வரும்னு போட்டிருக்கு. அதே வாரம்தான் எங்களுக்கு அரையாண்டுப் பரீட்சை.

பல்கலைக்கழகத்தோட விண்ணப்ப போர்ட்டல்ல, இன்னும் வந்து சேராத ஆவணம்னு ரெண்டு வரி சிவப்பா நிக்குது. ஒண்ணு மிட் இயர் ரிப்போர்ட், இன்னொண்ணு எஸ்.ஏ.டி.ங்கிற நுழைவுத் தேர்வு மதிப்பெண். எஸ்.ஏ.டி.யை காலேஜ் போர்டு தளத்துலேர்ந்து அனுப்பி இருபது நாள் ஆச்சு. இதனால விண்ணப்பத்தை ஓரம் கட்டிடுவாங்களா?

முடிவு நம்ம நேரத்துக்கு எப்போ வரும்? சேர்க்கை கிடைச்சு உதவித்தொகை பத்தலைன்னா, கையெழுத்துப் போட்டுட்டதால போய்த்தான் ஆகணுமா? டிஃபர்னு, அதாவது முடிவை அடுத்த சுற்றுக்குத் தள்ளி வெச்சிருக்கோம்னு, வந்தா அடுத்து என்ன செய்யணும்? மத்த கல்லூரிக் கட்டுரைகளை எழுத உக்காந்தா கையே ஓட மாட்டேங்குது, முடிவு தெரிஞ்சப்புறம் எழுதலாமா? தெரிஞ்ச அக்கா, அண்ணா, சார் யாராவது சொல்லுங்க.

---

காட்பாடி_டீச்சர்

போர்ட்டலைப் பத்தி மட்டும் நான் சொல்லிடறேன்மா.

மிட் இயர் ரிப்போர்ட் இப்போது சிவப்பாக நிற்பதுதான் சரி. அரையாண்டு மதிப்பெண்ணைப் பள்ளியிலிருந்து அனுப்பும் படிவம் அது, ஜனவரி–பிப்ரவரியில்தான் ஏறும். நவம்பரில் அது பச்சையாக இருக்க வழியே இல்லை. எர்லி முடிவை அது இல்லாமலேதான் எடுப்பார்கள்.

எஸ்.ஏ.டி. வரியை மட்டும் விடாதே. கெடு முடிந்த முதல் இரண்டு வாரம் ஆவணங்கள் குவிந்து கிடக்கும், தாமதம் சகஜம். இருபது நாள் தாண்டியும் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் பெயர்ச் சிக்கல். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்ஷியலால் வருவது இது. பெயர் கவிதா, அப்பா பெயர் முருகன் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் 'கவிதா மு', பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் 'முருகன்', எஸ்.ஏ.டி. கணக்கில் குடும்பப் பெயர் 'எம்', காமன் ஆப்பில் (பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் தளம்) மறுபடியும் 'முருகன்'. பிறந்த தேதி பொருந்தினாலும் பெயர் பொருந்தாததால் மதிப்பெண் எந்தக் கோப்பிலும் சேராமல் தனியாகக் கிடக்கும்.

சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் போடு. பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயர், எஸ்.ஏ.டி.யில் உள்ள பெயர், பிறந்த தேதி (மாதத்தை எழுத்தில் எழுது, 05/11 என்று போட்டால் அங்கே மே 11 என்று படிப்பார்கள்), காமன் ஆப் அடையாள எண், தேர்வு எழுதிய தேதி, அனுப்பிய ரசீதின் படம். நாலு வரி போதும். மூன்று வேலை நாள் பொறு. தினமும் எழுதினால் ஒவ்வொன்றும் வரிசையில் புதுக் கேள்வியாகப் போய் நிற்கும், வேகம் கூடாது. நவம்பர் நான்காவது வியாழன், மறுநாள் வெள்ளி அங்கே தேங்க்ஸ்கிவிங் விடுமுறை, அதையும் கணக்கில் வை.

பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால், பெயரை எப்படிப் பிரிப்பது என்று வீட்டில் இப்போதே முடிவு செய்யுங்கள். வேலூரிலேயே அஞ்சலக பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டால், அமெரிக்க விசாவில் உன் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகும். முதல் பெயர் தெரியாது என்பதற்கான குறி அது. அங்கே வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் என்று ஒவ்வொரு இடத்திலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொன்று. போர்ட்டலில் எழுத்து மாறியது, புது டேப் வந்தது, விடுதி இணைப்பு தெரிந்தது என்றெல்லாம் குழுக்களில் கணிப்பு ஓடும். தளத்தைப் புதுப்பிக்கும்போது நடப்பவை அவை, உன் கோப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. நிதி உதவி அலுவலகம் கூடுதலாக ஒரு ஆவணம் கேட்டால் அதுவும் சகுனம் இல்லை, வேலை. இரண்டு மூன்று நாளில் அனுப்பிவிடு. அந்தக் கோப்பு அரைகுறையாக இருந்தால் சேர்க்கை வந்தாலும் உதவித்தொகைக் கணக்கு வராது. அந்தக் கணக்கு இல்லாமல் நீ முடிவெடுக்க முடியாது.

நேரம்: டிசம்பரில் அமெரிக்கக் கிழக்குக் கரையைவிட நாம் 10½ மணி நேரம் முன்னால். அங்கே மாலை 5 மணி என்றால் நமக்கு மறுநாள் விடியற்காலை 3:30, 7 மணி என்றால் 5:30. மேற்குக் கரைக்கு 13½ மணி நேரம். அறிவிப்பில் 16-ஆம் தேதி என்று இருந்தால் நம்ம காலண்டரில் 17. மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள், கிழக்குக் கரை வித்தியாசம் 9½ ஆகிவிடும். ரெகுலர் முடிவு (ஜனவரிக் கெடுவில் விண்ணப்பிக்கும் வழக்கமான சுற்றின் முடிவு) பார்க்கும்போது இந்த ஒரு மணி நேரம் பலருக்குத் தவறும்.

---

பாகாயம்_அக்கா

பண விஷயத்துக்கு வர்றேன். எர்லி டிசிஷன்ல முக்கியமானதே இதுதான், இங்க யாரும் விளக்கமா பேசறதில்லை.

எர்லி டிசிஷன் ஒப்பந்தத்துல நீ, பெற்றோர்ல ஒருத்தர், பள்ளி கவுன்சிலர் மூணு பேரும் கையெழுத்து. சேர்க்கை கிடைச்சா மத்த விண்ணப்பங்களை வாபஸ் வாங்கிட்டு அங்கதான் சேரணும். அதுலேர்ந்து விலக நியாயமான காரணம்னு எல்லாரும் ஏத்துக்கறது, உதவி கேட்டும் குடும்பத்தால கட்ட முடியாத நிலை. அதுக்கு முறை இருக்கு. யேல்ல போட்டிருக்கிற உன் தோழிக்கு இந்தக் கட்டு இல்லை. கிடைச்சாலும் மே 1 வரைக்கும் யோசிக்கலாம். நடுவுல மத்த இடங்களுக்கு ரெகுலர்ல போடலாம். வேற தனியார் பல்கலைக்கழகத்துக்கு எர்லில போடத்தான் தடை.

உதவிக் கடிதத்தை எப்படிப் படிக்கறதுன்னு ஒரு மாதிரிக் கணக்கு. தனியார் பல்கலைக்கழகங்கள்ல ஒரு வருஷத்து மொத்தச் செலவு 85,000–95,000 டாலர் அளவுல இருக்கு. கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம், தனிச்செலவு எல்லாம் சேர்த்து. 90,000-னு வெச்சுக்குவோம். கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத உதவி) 76,000, வளாக வேலை 3,000, மீதி குடும்பப் பங்கு 11,000. டாலர் 88 ரூபாய்னா வருஷத்துக்கு 9,68,000 ரூபாய். நாலு வருஷத்துக்கும் இதைப் பார்க்கணும், கட்டணம் ஏறும், டாலரும் ஏறும்.

இதுல பலர் சறுக்கற இடம் அந்த 3,000. வளாகத்துல வேலை செஞ்சப்புறம் சம்பளமா வர்ற காசு அது, பில்லுல கழியாது. ஜூலை–ஆகஸ்ட்ல முதல் பருவ பில் வரும்போது அந்த 3,000-ஐயும் சேர்த்து 14,000-ல பாதி, 7,000 டாலர் வரைக்கும், கையில இருக்கணும். கூடவே விமான டிக்கெட், செவிஸ் கட்டணம் (விசாவுக்கு முன்னாடி கட்டற மாணவர் பதிவுக் கட்டணம்) 350 டாலர், விசா, போர்வை ஜாக்கெட் வரைக்கும். மருத்துவக் காப்பீடு மொத்தச் செலவுக்குள்ள இருக்கா வெளியிலயான்னும் பாரு, அது மட்டுமே சில ஆயிரம் டாலர் வரும். கல்விக் கடன் நினைப்பு இருந்தா, 7.5 லட்சத்துக்கு மேல பொதுவா அடமானம் கேப்பாங்க. பத்திரம் யார் பேர்ல இருக்குன்னு வீட்ல இப்பவே கேட்டு வை.

பத்தலைன்னா சேர்றேன்னு பட்டன் அமுக்காதே, மறுத்தும் எழுதாதே. கடிதம் வந்த ரெண்டு மூணு நாளுக்குள்ள நிதி உதவி அலுவலகத்துக்கு மறுபரிசீலனை கேட்டு எழுது. பதில் வர்ற வரைக்கும் முன்பணக் கெடுவை நீட்டச் சொல்லிக் கேளு, மத்த விண்ணப்பங்களையும் அதுவரை வாபஸ் வாங்காதே. 'இன்னொரு கல்லூரியில அதிகம் தருவாங்க'ங்கிற வாதம் இங்க எடுபடாது. புது விவரம் வேணும், இல்லைன்னா பழைய விவரத்துல தப்பு இருக்கணும். நம்ம பக்கம் வழக்கமா வர்ற தப்பெல்லாம் இவை:

பூர்வீக வீடு. அப்பாவுக்கும் ரெண்டு சித்தப்பாவுக்கும் பொதுவுல இருக்கும், சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல்ங்கிற நிதி உதவி விண்ணப்பத்துல முழு மதிப்பையும் அப்பா பேர்ல போட்டிருப்பாங்க. மூணுல ஒரு பங்குதான் போடணும், பாகம் பிரிக்கலைன்னா அதை விளக்கப் பகுதியில எழுதணும்.

வருமானச் சான்றிதழ். இ-சேவை மையத்துல 60 ரூபாய் கட்டி வாங்கின சான்றிதழ்ல ஆண்டு வருமானம் 72,000. கூடவே வெச்ச வங்கி ஸ்டேட்மென்ட்ல மாசம் 30,000 வரவு. உக்காந்து படிக்கற அதிகாரிக்கு ரெண்டுல எது உண்மைன்னு கேள்வி வரும், வந்தே தீரும். ஸ்காலர்ஷிப்புக்காக எப்பவோ வாங்கின பழைய சான்றிதழைத் தூக்கி வெக்காதீங்க. உண்மையான தொகைக்குப் புதுசா வாங்குங்க. எல்லாத் தாள்லயும் ஒரே எண் வரணும்.

வருஷக் குழப்பம். நம்ம நிதியாண்டு ஏப்ரல்–மார்ச், அவங்களுக்கு ஜனவரி–டிசம்பர். இதோட ரிட்டர்ன்ல இருக்கிற 'மதிப்பீட்டு ஆண்டு'ங்கறது வருமானம் வந்த ஆண்டுக்கு அடுத்தது. மதிப்பீட்டு ஆண்டு 2025-26-ன்னா வருமானம் 2024-25-ல வந்தது. எந்தப் பன்னிரண்டு மாசக் கணக்குன்னு ஒரு வரி எழுதிட்டா போதும்.

ரிட்டர்ன் தாக்கல் பண்ணாத குடும்பம் இங்க நிறைய. பீடி சுத்தறவங்க, தறி, ஷூ கம்பெனி பீஸ் ரேட், விவசாயம். அதனால தகுதி போயிடாது. மாசம் மாசம் சுமாரா எவ்வளவு வந்ததுன்னு ஒரு பக்கத்துல எழுதி பெற்றோர் கையெழுத்து, முதலாளி அல்லது மேஸ்திரி கடிதம், பாஸ்புக் பக்கங்கள், தாசில்தார் சான்றிதழ். தமிழ்ல இருக்கிறதுக்கெல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கூடவே வெக்கணும், தனியா பின்னால அனுப்பினா அது ஒரு பக்கம் இது ஒரு பக்கம் போயிடும்.

வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டா அதைச் சேர்க்கை முடிவுல பார்க்கற பல்கலைக்கழகங்கள்தான் அதிகம். பார்க்காத இடங்கள் கைவிரல்ல எண்ணலாம். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மவுத், போடோயின் அதுல சேரும். உதவி வேண்டாம்னு போட்டுட்டு அப்புறம் கேட்டுக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதே. பல இடத்துல முதல் தடவை கேக்காத வெளிநாட்டு மாணவருக்கு நாலு வருஷமும் கதவு மூடித்தான் இருக்கும்.

---

சத்துவாச்சாரி_ப்ளஸ்டூ

ரொம்ப நன்றி டீச்சர், நன்றிக்கா. எஸ்.ஏ.டி. கணக்குல நிஜமாவே இன்ஷியல் மட்டும்தான் இருக்கு, இன்னிக்கே மெயில் போடறேன். வீட்டு மதிப்பும் முழுசா போட்டிருக்கோம், அப்பாகிட்ட கேட்டுத் திருத்தறேன்.

பள்ளியில இதுவரைக்கும் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பினதில்லை. அரையாண்டு மார்க்கை எப்படி அனுப்பறதுன்னு கேட்டா 'பப்ளிக் ரிசல்ட் வரட்டும்மா, அதைக் குடுத்துக்கலாம்'னு சொல்றாங்க.

---

ராணிப்பேட்டை_மாடிவீடு

பப்ளிக் ரிசல்ட் மே மாதம் வரும். ரெகுலர் முடிவே மார்ச் கடைசியில் முடிந்துவிடும். அதனால் அரையாண்டு மதிப்பெண்தான் ப்ளஸ் டூவில் நீ எப்படிப் படிக்கிறாய் என்று அவர்கள் பார்க்கப்போகும் ஒரே தாள். முடிவு வரும் வாரத்தில் இந்தத் தேர்வு வருவதைச் சும்மா விடாதீர்கள். எர்லியில் கிடைக்காமல் போனால் அடுத்த சுற்றில் உங்களுக்காகப் பேசப்போவது இதுதான்.

தலைமை ஆசிரியரிடம் வாயால் விளக்கினால் மறந்துபோகும். ஒரு பக்கத் தாளாகக் கொடுங்கள். அதில் இவை இருக்கட்டும்: காமன் ஆப்பில் கவுன்சிலராக யாருடைய மின்னஞ்சல் பதிவாகியிருக்கிறதோ அவருக்கே மிட் இயர் ரிப்போர்ட் படிவம் திறக்கும், ஸ்கூல் ரிப்போர்ட் (விண்ணப்பத்தோடு பள்ளி அனுப்பும் படிவம்) அனுப்பிய அதே கணக்கு, புதுக் கணக்கு வேண்டாம், பள்ளி லெட்டர்ஹெட்டில் ஆறு பாட அரையாண்டு மதிப்பெண், முத்திரை, கையெழுத்து, பி.டி.எஃப்.; ஜனவரி இறுதிக்குள் ஏற்ற வேண்டும், பிப்ரவரி நடுவைத் தாண்டக் கூடாது.

அந்தத் தாளில் ஒரு குறிப்பும் சேர்க்கச் சொல்லுங்கள். ஆறு பாடம், மொத்தம் 600. செய்முறை உள்ள பாடத்தில் எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறை இல்லாததில் 90 + 10. தேர்ச்சி 35. அரையாண்டுத் தாள் திருத்துவது பள்ளிக்குள்ளேயே, கறாராக. இதை எழுதாவிட்டால் 82 என்ற எண் அங்கே எவ்வளவு உயரம் என்பது அவர்களுக்குத் தெரியாது. வகுப்பில் அந்தப் பாடத்தில் அதிகபட்ச மதிப்பெண் எத்தனை என்று போட முடிந்தால் இன்னும் நல்லது. 82 பெற்ற பாடத்தில் வகுப்பு முதல் 86 என்றால் அந்த 82-க்கு எடையே வேறு.

இப்போது டிஃபர். பலர் இதை 'இல்லை' என்று படித்து நொறுங்கிப் போகிறார்கள். கோப்பை ரெகுலர் சுற்றில் இன்னொரு முறை படிப்பார்கள் என்று அர்த்தம். எர்லி டிசிஷனில் டிஃபர் ஆன நிமிடமே ஒப்பந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். பிறகு அங்கேயே இடம் கிடைத்தாலும் சேர்ந்தாக வேண்டியதில்லை. நேரடி மறுப்பு வந்தால் மட்டும் அந்த வருடம் அதே இடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. யேலில் போட்ட தோழிக்கு டிஃபர் அல்லது மறுப்பு வந்தால், இன்னொரு பல்கலைக்கழகத்தில் எர்லி டிசிஷன் 2 (அதே கட்டுள்ள இரண்டாவது சுற்று) போடலாம். முடிவு ஜனவரி 1-க்குப் பிறகு வருவதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எர்லி டிசிஷன் 2 கெடு ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி, முடிவு பிப்ரவரி நடுவில்.

டிஃபர் வந்த அன்றே கடிதம் எழுதாதீர்கள். அன்று எழுதுவது கெஞ்சலாகத்தான் வரும். முதலில் அவர்கள் அனுப்பிய குறிப்பை முழுதாகப் படியுங்கள்: சிலர் போர்ட்டலில் படிவம் தருவார்கள், சிலர் ஒரே கடிதம் என்பார்கள், சிலர் எதுவும் அனுப்ப வேண்டாம் என்பார்கள். சொன்னதை மீறினால் கெடுதல்தான். கடிதம் ஏற்பவர்கள் என்றால் ஜனவரி இரண்டாம், மூன்றாம் வாரம் சரியான நேரம். அரையாண்டு மதிப்பெண் கையில் இருக்கும். 250 முதல் 400 சொல், ஒரு பக்கம்.

உள்ளே என்ன? 'உங்கள் பல்கலைக்கழகம் என் சிறுவயதுக் கனவு' என்ற வரியை அடித்துவிடுங்கள், எல்லோர் கடிதத்திலும் அது இருக்கும். இப்படி ஒரு பத்தியைப் பாருங்கள்:

'அக்டோபரில் நான் எழுதியபோது வாணியம்பாடி சாலையில் மூன்று கிணறுகளின் உப்புத்தன்மையை மட்டுமே அளந்திருந்தேன். டிசம்பர் மழைக்குப் பிறகு பதினான்கு கிணறுகளை அளந்தேன். ஆற்றிலிருந்து தள்ளியிருந்த இரண்டில் அளவு குறையவே இல்லை. ஏன் என்று இன்னும் தெரியவில்லை. அதைத்தான் இப்போது எங்கள் வேதியியல் ஆசிரியையுடன் பார்க்கிறேன்.'

நவம்பருக்குப் பின் நடந்தது இதில் இருக்கிறது, எண் இருக்கிறது, முடியாத கேள்வி ஒன்றும் இருக்கிறது. இதோடு அரையாண்டு மதிப்பெண் ஒரு வரி. 'இடம் கிடைத்தால் கட்டாயம் சேர்வேன்' என்ற வரியை அது உண்மையாக இருந்தால் மட்டும், ஒரே ஒரு இடத்துக்கு எழுதுங்கள். புதிதாக எதுவும் நடக்கவில்லையா? மதிப்பெண்ணையும் விருப்பத்தையும் ஐந்து வரியில் எழுதி நிறுத்துங்கள். இல்லாததைச் சேர்க்காதீர்கள்.

பாலாறு, தோல் கழிவு என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. படிக்கிறவருக்கு நம் ஊர் தெரியாது. 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது இந்தத் தோல் கழிவுக்காகத்தான். அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு உங்கள் கிணற்றுக்குப் போங்கள். கார்னெலுக்கு எழுதும்போது ஐடா ஸ்கடரைக் கொண்டுவருபவர்களுக்கும் இதேதான். 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு அவர் தொடங்கியது இன்றைக்கு சி.எம்.சி. மருத்துவமனை. பெருமையான விஷயம். ஆனால் கட்டுரையில் ஒரு வரிக்கு மேல் போனால் அவர்கள் படிப்பது ஐடாவின் விண்ணப்பமாக ஆகிவிடும்.

---

பாலாற்றங்கரை

மத்த கட்டுரைகளை முடிவுக்கு அப்புறம் எழுதலாமான்னு கேட்டியே, கூடாது தங்கச்சி. ஏன்னு நாள் கணக்கு பாரு. முடிவு 17-ஆம் தேதி விடிகாலைன்னு வை. அரையாண்டு முடிய கிட்டத்தட்ட 23. ரெகுலர் கெடு பெரும்பாலும் ஜனவரி 1-லேர்ந்து 5. நடுவுல கிடைக்கறது எட்டு ஒம்பது நாள். அந்த நாள்ல ஆசிரியர்கள் லீவு, அமெரிக்க அலுவலகங்களும் கிறிஸ்துமஸ்–புத்தாண்டுக்கு மூடியிருக்கும், சந்தேகம் கேட்டா பதில் வராது. ஆறு கல்லூரிக்கு ரெண்டு ரெண்டு கட்டுரைன்னாலும் பன்னண்டு. மனசு உடைஞ்ச நிலையில எட்டு நாள்ல பன்னண்டு கட்டுரை எழுத முடியாது, எழுதினாலும் அதுல அந்த வலி தெரியும்.

அதனால அரையாண்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, அதாவது டிசம்பர் முதல் வாரத்துக்குள்ள, நாலு விண்ணப்பமாவது முழுசா முடிச்சு வை. சமர்ப்பிக்கற பட்டன் மட்டும் பாக்கி. இப்பவே அனுப்பாதே. ஒரு விண்ணப்பத்துக்கு 75–90 டாலர், எர்லில கிடைச்சிட்டா அவ்வளவும் வீண். கட்டண விலக்கு கேட்டிருந்தா பரவாயில்லை, இருந்தாலும் முடிவு வரட்டும்.

கைக்கு எட்டினது தவறிப்போற ரெண்டு இடம் சொல்றேன். காமன் ஆப்ல புதுசா கல்லூரி சேர்த்தா ஸ்கூல் ரிப்போர்ட் தானா போகும். ஆனா ஆசிரியர் பரிந்துரைக் கடிதம் தானா போகாது, ஒவ்வொரு கல்லூரிக்கும் நீதான் ஆசிரியர் பேரை எடுத்துச் சேர்க்கணும். கடிதம் ஏற்கெனவே ஏறியிருக்குன்னு நம்பி விட்டுட்டா அந்தக் கல்லூரிக்குக் கடிதமே போயிருக்காது. அடுத்தது கார்டு. 2020 அக்டோபர்லேர்ந்து வங்கிங்க தர்ற புது கார்டுல வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வரும். அப்பாவோட வங்கி ஆப்ல போய் அதைத் திறந்து, உச்சவரம்பையும் ஏத்தி வெக்கணும். ஓ.டி.பி. வர்ற போன் உன் பக்கத்துல இருக்கணும். டிசம்பர் 31 ராத்திரி 11 மணிக்கு கார்டு மறுக்குதுன்னு கண்டுபிடிச்சா யாரையும் எழுப்ப முடியாது. காமன் ஆப் கெடு உன் ஊர் நேரப்படி ராத்திரி 11:59, அமெரிக்க நேரம்னு நெனச்சு காலையில பாத்துக்கலாம்னு விட்டுடாதே.

இந்தியப் பக்கமும் கதவைத் திறந்தே வை. ஜே.இ.இ. மெயின் முதல் சுற்று ஜனவரி, ரெண்டாவது ஏப்ரல். டி.என்.இ.ஏ. (தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கை) பதிவு ப்ளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டித்தான். நம்ம காட்பாடி வி.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்கு மார்ச் பக்கம் வரைக்கும் நேரம் இருக்கும், இணையதளத்துல தேதி பாத்துக்கோ. நுழைவுத் தேர்வு எழுதறது எர்லி டிசிஷன் ஒப்பந்தத்தை மீறினதாகாது. கிடைச்சப்புறம் வேற இடத்துல சீட்டை உறுதி பண்ணினாதான் தப்பு.

முடிவு வர்ற காலையில: போர்ட்டல் பாஸ்வேர்டை முந்தின நாளே ஒரு தடவை போட்டுப் பாரு. ரெண்டடுக்கு சரிபார்ப்பு இருந்தா அந்த போன் சார்ஜ்ல இருக்கட்டும். மெயில்ல 'முடிவு வந்திருக்கு'ன்னு மட்டும்தான் பெரும்பாலும் வரும், முடிவு போர்ட்டல்லதான். முதல் பத்து நிமிஷம் தளம் திணறும், தொடர்ந்து ரெஃப்ரெஷ் அடிக்காதே. 3:30-க்குன்னா கண் முழிச்சு உக்காராதே. அன்னிக்கு காலையில பரீட்சை இருக்கு. தூங்கி எழுந்து 5:30-க்குப் பாரு, முடிவு எங்கயும் போயிடாது. அன்னிக்கு பரீட்சை இயற்பியலோ கணக்கோன்னா சாயங்காலம் வந்து பாக்கறது இன்னும் நல்லது. பக்கத்துல யார் இருக்கணும்னு நீ சொல்லு, சித்தி பெரியம்மாவுக்கெல்லாம் தேதி சொல்லி வெக்காதே. வகுப்பு வாட்ஸ்அப் குழுவை அன்னிக்கு ஒரு நாள் மௌனத்துல போடு. நீயும் தோழியும் ஒரே நேரத்துல பாக்கறதா இருந்தா, ஒருத்தருக்குக் கிடைச்சு ஒருத்தருக்குக் கிடைக்கலைன்னா அன்னிக்குப் பேசறதா வேணாமான்னு முன்கூட்டியே ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கங்க.

---

ஒரு_அம்மா_ஆற்காடு

குறுக்கே கேக்கறதுக்கு மன்னிக்கணும். எங்க பையனும் இதே மாதிரி போட்டிருக்கான். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து போனைப் பாக்கறான். சாப்பாடு இறங்க மாட்டேங்குது. 'கிடைச்சிடும்டா'ன்னு சொன்னா கோவப்படறான். என்ன சொல்றதுன்னே தெரியல.

---

காட்பாடி_டீச்சர்

அம்மா, 'கிடைச்சிடும்' என்பது அவனுக்கு ஆறுதலாகக் கேட்காது, இன்னொரு சுமையாகத்தான் கேட்கும். கிடைக்காவிட்டால் உங்கள் சொல்லையும் சேர்த்துப் பொய்யாக்கிவிட்டோம் என்று தோன்றும். அதை விட்டுவிட்டு வேலையைப் பற்றிக் கேளுங்கள்: 'அடுத்த கட்டுரை எது? கார்டைத் திறந்து வைக்கட்டுமா? பள்ளியில் நான் வந்து பேச வேண்டுமா?' முடிவுத் தேதிக்கு முன் நள்ளிரவில் எதுவும் வராது என்பதை அவனோடு உட்கார்ந்து நேரக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். போன் ராத்திரி கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும். அவனுடையது மட்டும் என்றால் தண்டனையாகத் தெரியும், வீட்டில் எல்லோர் போனும் அங்கேயே இருக்கட்டும். போர்ட்டல் பார்க்க ஒரு நேரம், சாயங்காலம் ஆறு மணி, பத்து நிமிடம்.

தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால், 'இருந்து என்ன பிரயோஜனம்' மாதிரி ஒரு சொல் ஒரு தடவை வாயில் வந்தாலும், முடிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், எந்த நேரமும், தமிழில் பேசுவார்கள். பெற்றோரே முதலில் அழைத்துக் கேட்கலாம்.

---

பாகாயம்_அக்கா

சத்துவாச்சாரி தங்கச்சிக்கு ஒண்ணு விட்டுப்போச்சு. சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல்ல வீட்டு மதிப்பைத் திருத்தும்போது பழசை அப்படியே விட்டுட்டு மெயில்ல மட்டும் சொல்லாதே. தளத்துல திருத்தம் அனுப்பு, கூடவே நிதி உதவி அலுவலகத்துக்கும் என்ன மாத்தினோம், ஏன்னு மூணு வரி. பட்டா நகல் கூட்டுப் பேர்ல இருந்தா அதையும் மொழிபெயர்ப்போட வை. முடிவு வர்றதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டா முதல் கடிதத்துலயே சரியான கணக்கு வரும்.

---

சத்துவாச்சாரி_ப்ளஸ்டூ

எஸ்.ஏ.டி. மெயில் போட்டாச்சு, பாஸ்போர்ட் பேர், எஸ்.ஏ.டி. பேர் ரெண்டையும் சேர்த்து எழுதி. பட்டா அப்பா, சித்தப்பாங்க மூணு பேர் பேர்லயும்தான் இருக்கு. நாளைக்கு நகல் எடுத்து மொழிபெயர்க்கக் குடுக்கறோம். ஹெச்.எம்.முக்கு அந்த ஒரு பக்கத் தாளை இப்ப எழுதிட்டிருக்கேன். வகுப்பு அதிகபட்ச மார்க் போடச் சம்மதிப்பாங்களான்னு திங்கட்கிழமை கேட்டுட்டு வந்து இங்கயே சொல்றேன். முதல் ரெகுலர் கட்டுரை இன்னிக்கு ராத்திரி ஆரம்பிக்கறேன்.